பழைய சாமான்களை வைத்துக் குட்டி வீடு: தேடுவது முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

பழைய சாமான் விஷயத்தில், பெரிய வீடு கட்டுகிறவருக்கு இல்லாத ஒரு வசதி குட்டி வீடு கட்டுகிறவருக்கு உண்டு. தேவையே கொஞ்சம்தான். குளியலறைத் தரை இரண்டு சதுர மீட்டருக்குள் என்றால் ஒன்றிரண்டு பெட்டி டைல்ஸ் போதும். சமையல் மேடை ஒன்றரை மீட்டர் நீளம் என்றால், வேறொரு வீட்டு வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டே சரியாக இருக்கும். ஜன்னல் மூன்றோ நான்கோ, கதவு இரண்டு. பெரிய கட்டட வேலைக்காரருக்கு இதெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் மிச்சம். உங்களுக்கோ அதிலேயே ஓர் அறை முடிந்துவிடும்.

இருந்தும் பலர் பாதியில் சலித்துப்போய் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வரைபடத்தை முடித்துவிட்டு, அதில் போட்டிருக்கிற அளவுக்குப் பழைய ஜன்னல் தேடிப் போகிறார்கள். 1080 மி.மீ. அகலத்தில்தான் ஜன்னல் வேண்டும் என்று தேடினால் கிடைக்காது. ஒரு மீட்டரிலிருந்து ஒன்றே கால் மீட்டருக்குள் எதுவானாலும் சரி, பழுதில்லாமல் இருந்தால் போதும் என்று தேடினால் கிடைக்கும். அதனால் பெரிய சாமான் முதலில், வரைபடம் அப்புறம், சில்லறைச் சாமான் கடைசியில். இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: மாறாத எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாமான் வாங்கும் முன் இரண்டு விஷயம் உறுதியாக வேண்டும். ஒன்று, உங்கள் பகுதிக் கட்டட விதி. குறைந்தபட்ச அறை உயரம், பரப்பு, கழிப்பறை இணைப்பு பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் பல இடங்கள் பின்பற்றும் மாதிரி வீட்டு விதித்தொகுப்பின் 2018 பதிப்பில், பரண் நீங்கலாக 400 சதுர அடிக்கு மிகாத வீட்டைக் குட்டி வீடு என்று வரையறுத்து, அதற்கென்று ஒரு பின்னிணைப்பே சேர்த்தார்கள். உங்கள் பகுதியில் அப்படித் தனி விதி இல்லாமலும் இருக்கலாம். எப்படியானாலும் ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: பாரம் தாங்கும் இடத்தில் பழைய மரமோ பழைய இரும்போ போட்டால் ஏற்றுக்கொள்வார்களா, பொறியாளர் சான்று வேண்டுமா? உத்திரம் வாங்கி வந்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது, வீடு தரையில் நிற்கப்போகிறதா, சக்கரத்தின் மேலா? சக்கரம் என்றால் எடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். செங்கல், கிரானைட், கனமான பழைய மரக்கதவு எல்லாம் அங்கேயே அடிபட்டுப் போகும். கண்ணாடிகூட எடைதான்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. ஐந்து மி.மீ. தடிமனில் 1.2 மீட்டர் சதுரக் கண்ணாடி 18 கிலோ வரும், சட்டம் தனி. இழுவை வண்டி தாங்கும் எடையை எழுதி வைத்துக்கொண்டு, வாங்கும் ஒவ்வொன்றையும் அதில் கழித்துக்கொண்டே வாருங்கள்.

படி 2: எது புதிது, எது பழையது

பழைய சாமான் மேல் ஆசை வந்துவிட்டால் எல்லாவற்றையும் பழையதாகவே வாங்கத் தோன்றும். சிலவற்றில் அந்த ஆசை ஆபத்து. மின் ஒயர், எம்.சி.பி. (மின்சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்), கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச், கேஸ் குழாய், ரெகுலேட்டர் எல்லாம் புதிதாகத்தான் இருக்க வேண்டும். ஒயரின் உறைக்குள் இருக்கிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது, சுவருக்குள் போன பிறகு தெரிந்தும் பயனில்லை. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். வளைந்து, மறுபடி நிமிர்த்திய கட்டடக் கம்பியைக் கான்கிரீட்டில் போடாதீர்கள். வளைத்து நிமிர்த்திய இடத்தில் கம்பி பலவீனப்பட்டிருக்கும். சிமென்ட் மூட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தயாரித்து மூன்று மாதம் தாண்டியது என்றால் வலு குறைந்திருக்கும், கட்டி தட்டியிருந்தால் தொடவே வேண்டாம். திருகாணி, ஆணி, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு, சிலிக்கான் பசை, ரப்பர் வாஷர்: இவை மொத்தச் செலவில் சிறு பங்குதான். இங்கே மிச்சம் பிடிப்பது மழையில் தெரிந்துவிடும்.

பழையதாக வாங்கினால் நிஜமாகவே லாபம் தருபவை ஜன்னல், கதவு, மரப்பலகை, தரைப்பலகை, செங்கல், கிரானைட், சிங்க், வாஷ்பேசின், கூரைத் தகடு, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, அலமாரி. புதிதில் எது விலை அதிகமோ, எது நாளாக ஆகக் கெட்டுப்போகாதோ, அது இரண்டும் சேர்ந்து வருகிற இடத்தில் தேடுங்கள்.

படி 3: எங்கே தேடுவது

இடிக்கப்போகும் கட்டடம்தான் முதல் இடம். இடித்து முடித்த பிறகு போனால் உடைந்த செங்கலும் பிளந்த பலகையும்தான் மிஞ்சும். இடிக்கும் முன்பே போக வேண்டும். வேலைக்கு அறிவிப்புப் பலகை வைத்தவுடன், அல்லது வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தவுடன், உரிமையாளரையும் இடிப்பு ஒப்பந்தக்காரரையும் பாருங்கள். இரண்டு பேரையுமே பார்ப்பது முக்கியம். சாமான் யாருக்குச் சொந்தம் என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கும், ஒருவர் சொல்லை மட்டும் நம்பிக் கழற்றினால் தகராறு வரும்.

அடுத்தது பழைய மரக்கடையும் காயலான் கடையும். மரக்கடையில் கதவு, நிலை, ஜன்னல், உத்திரம் எல்லாம் பிரித்து அடுக்கியிருப்பார்கள். விலை இடிக்கும் இடத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் கழற்றும் கூலியும் கழிவும் அவர்கள் தலையில் போய்விடுகிறது. காயலான் கடையில் இரும்பைத் தேடுங்கள். ஆங்கிள், சேனல், சதுரக் குழாய், கிரில், படிக்கட்டுத் துண்டு என்று எடைக்குக் கிடைக்கும்.

பலருக்குத் தோன்றாத இடம் ஒன்று இருக்கிறது: சாமான் செய்கிற பட்டறைகள். அலுமினியம், யு.பி.வி.சி. ஜன்னல் செய்யும் பட்டறை எதிலும், அளவு மாறிப்போய் வாடிக்கையாளர் வாங்க மறுத்த ஜன்னல் ஒன்றாவது மூலையில் சாய்ந்திருக்கும். பிரிக்காத புதுச் சாமான், பழைய சாமான் விலை. கிரானைட் பட்டறையில் சிங்க் பொருத்த வெட்டியெடுத்த துண்டுகள் குவிந்து கிடக்கும், சின்ன மேஜைக்கும் ஜன்னல் திண்டுக்கும் அவை கச்சிதம். கண்ணாடிக் கடை, தச்சுப்பட்டறை, டைல்ஸ் கிடங்கு எல்லாவற்றிலும் இதே கதைதான். எனக்குக் கேட்டால், குட்டி வீட்டுக்கு இடிப்பு வேலையைவிடப் பட்டறை மிச்சம்தான் சிறந்த மூலம்.

அப்புறம் கடை, அலுவலகம், விடுதி புதுப்பிக்கும் இடங்கள். ஒரே அளவில் பத்து இருபது கதவு, ஒரே மாதிரி விளக்கு, ஒரே நிறத் தரைப்பலகை கிடைப்பது அங்கேதான். கண்காட்சிக் கூடங்களில் ஓரிரு நாள் மட்டும் நின்ற பிளைவுட் வெளியே வரும். தொழிற்சாலைகளும் அரசுத் துறைகளும் பழைய சாமானை ஏலம் விடும், ஆனால் அங்கே மொத்தமாக எடுக்கச் சொல்வார்கள். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இணையத்தில் பழைய பொருள் விற்கும் தளங்களில் 'ஜன்னல்' என்று தேடுவதோடு நிறுத்தாதீர்கள். 'வீடு புதுப்பிப்பு', 'மிச்சம்', 'காலி செய்கிறோம்', 'உடனே எடுக்க வேண்டும்' என்றும் தேடுங்கள். கடைசியாகச் சொன்ன மாதிரி விளம்பரம் போடுகிறவருக்குக் காசைவிட இடம் காலியாவதுதான் அவசரம்.

இதையெல்லாம்விட வலுவான வழி ஆட்கள். உங்களுக்கு வேண்டிய சாமான்களை ஒரு தாளில் எழுதி, அளவு வரம்போடு, தொலைபேசி எண்ணோடு, தெரிந்த கொத்தனார், ஆசாரி, பெயிண்டர், எலக்ட்ரீஷியன், சுமை வண்டி ஓட்டுநர் எல்லோரிடமும் கொடுத்து வையுங்கள். எந்த வீட்டில் என்ன கழற்றப்போகிறார்கள் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். தகவல் சொன்னவருக்கு ஒரு தொகை கொடுங்கள். அடுத்த முறையும் உங்கள் நினைவு வரும்.

படி 4: கையில் என்ன இருக்க வேண்டும்

அளவு நாடா, டார்ச், கூர்மையான திருப்புளி, சின்னக் காந்தம், ரசமட்டம், நூல், சாக்பீஸ், கையுறை, தூசி வடிகட்டும் நல்ல முகக்கவசம், குறிப்பேடு. மரம் நிறைய வாங்கப்போகிறீர்கள் என்றால் ஈரப்பத மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், அதன் விலை முதல் தடவையிலேயே மீண்டுவிடும். குறிப்பேட்டில் உங்கள் வீட்டின் அளவு வரம்புகள் எப்போதும் இருக்கட்டும். நல்ல சாமான் முன்னால் நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டு அளவு கேட்கும் நேரத்தில் வேறொருவர் எடுத்துப் போய்விடுவார்.

படி 5: மரத்தைப் பார்ப்பது

பழைய மரம் வாங்கும்போது நடுப்பகுதியைப் பார்த்து மயங்கக் கூடாது. நுனிகளைப் பாருங்கள். ஓர் உத்திரம் பல வருடம் கூரையைத் தாங்கியிருக்கும், வெளியே தெரிந்த பகுதி காற்றாடி உலர்ந்து கல் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு நுனியும் சுவருக்குள் புதைந்து, மழையில் ஊறிய சுவரின் ஈரத்தைக் குடித்திருக்கும். அந்த நுனியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் திருப்புளியால் அங்கங்கே குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இரண்டு மி.மீ. கூட இறங்காது, இழுத்தால் நார் சிலாம்பாகக் கிளம்பும். உளுத்த மரத்தில் முனை சத்தமில்லாமல் உள்ளே போகும், நெம்பினால் சின்னச் சின்னக் கட்டமாக உதிரும். உளுத்த பகுதியை வெட்டிவிட்டால் மீதி நீளம் போதுமா என்று பாருங்கள். போதும் என்றால் அந்த மீதிக்கு மட்டும் விலை பேசுங்கள்.

கதவு நிலையிலும் இதே விதி. நிலைக்கால்களின் அடி ஒரு சாண், தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்த இடம். அதன் மேல் பெயிண்ட் புதிதாகத் தெரிந்தால் இன்னும் கவனமாகக் குத்திப் பாருங்கள். புட்டி வைத்துப் பூசி மறைத்திருக்க வாய்ப்புண்டு.

பூச்சித் துளை இருந்தாலே மரம் வீண் என்று நினைக்க வேண்டாம். துளையின் விளிம்பு கறுத்து, உள்ளே தூசியும் சிலந்தி வலையுமாக இருந்தால் பூச்சி போய் நெடுநாள் ஆகியிருக்கும். வெளுத்த, மாவு போன்ற பொடி புதிதாக உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பலகையை ஒரு கறுப்புத் தாள் மேல் தட்டி, சில நாள் அப்படியே வைத்துப் பாருங்கள். பொடி மறுபடி விழுந்தால் அந்த மரம் வீட்டுக்குள் வர வேண்டாம். கரையான் என்றால் மண் பூச்சுத் தடம் இருக்கும், தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும்.

பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் சின்னத் துண்டுகளாக வெட்டி ஆளலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், இழைத்து நேராக்குவதற்குள் தடிமன் போய்விடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், காயவைக்க இடமும் நேரமும் இருந்தால் மட்டும் எடுங்கள்.

உத்திரமாகவே திரும்பப் போடப்போகிற மரத்தில் பழைய துளைகளும் வெட்டுக்காடிகளும் எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். பாரம் ஏறும்போது உத்திரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது, நடுவில்தான் அந்த இழுவிசை மிக அதிகம். அடிப்பக்க நடுவில் காடி இருக்கிற மரத்தை உத்திரமாகப் போடாதீர்கள். அதைப் பலகையாக அறுத்துக்கொள்ளலாம். அறுக்கும் முன் ஆணியெல்லாம் எடுத்தாக வேண்டும். தலை உடைந்த ஆணி உள்ளேயே ஒளிந்திருக்கும், காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மேலோட்டமாக இருப்பது சிக்கும், ஆழமாக இருப்பதற்கு உலோகம் கண்டறியும் கருவி வேண்டும். ஒரே ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பற்களை உடைத்துத் தெறிக்க வைக்க.

வெட்டிக் கழிப்பதற்காக, கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு மரம் கூடுதலாக வாங்குங்கள்.

படி 6: ஜன்னலும் கதவும்

ஜன்னலுக்கு மூன்று அளவு எடுக்க வேண்டும்: சட்டத்தின் வெளி அகலம், வெளி உயரம், சட்டத்தின் ஆழம். பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். தடித்த செங்கல் சுவரிலிருந்து வந்த ஜன்னல், குட்டி வீட்டின் மெல்லிய சுவரில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி ஒரு பெட்டிச் சட்டம் அடித்து மறைக்கலாம்தான், ஆனால் அது தெரிந்து செய்வதாக இருக்க வேண்டும்.

அப்புறம் மூலைவிட்டம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து, மற்ற மூலைவிட்டத்தையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் செம்மையாக இருக்கிறது. வித்தியாசம் ஐந்து மி.மீ.க்குள் என்றால் பொருத்தும்போது சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் கண்ணாடிக்கதவு உராயும், மழைத்தண்ணீர் உள்ளே வரும்.

கண்ணாடியின் மூலையில் சின்ன முத்திரை இருந்தால் பெரும்பாலும் அது பதப்படுத்திய கண்ணாடி, அதாவது டஃபன்ட். அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும். இருக்கிற அளவிலேயே பொருந்தினால் மட்டும் எடுங்கள். குளிக்கும் இடத்துக்கும், தரையை ஒட்டிய ஜன்னலுக்கும், கதவுக்கும் அந்தக் கண்ணாடிதான் பாதுகாப்பு. இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி மூடிய மாதிரி இருந்தால் அடைப்பு போய்விட்டது என்று அர்த்தம். துடைத்து எடுக்க முடியாது.

சட்டத்தோடு சேர்ந்த ஜன்னலையே வாங்குங்கள். தனிக் கண்ணாடிக்கதவுக்குப் புதுச் சட்டம் செய்யும் கூலியில் மிச்சம் கரைந்துவிடும். கதவும் நிலையோடு வந்தால்தான் லாபம். வாங்கும்போதே கீல், தாழ்ப்பாள், கொண்டி, சாவி எல்லாம் அந்தந்தக் கதவோடு ஒரு பையில் கட்டி வாங்கிவிடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டி வீட்டில் கதவு திறக்கும் இடமே ஒரு நாற்காலி போடும் இடம், திசை மாறினால் அறையின் அமைப்பே மாறும். கதவின் உயரத்தை அடியில் கொஞ்சம் சீவிக் குறைக்கலாம், ஆனால் பூட்டு இருக்கும் உயரமும் குறுக்குச் சட்டமும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வெற்றாக இருக்கும் லேசான கதவை அதிகம் வெட்டினால் அடிக்கட்டை போய்விடும்.

படி 7: செங்கல், இரும்பு, மற்றவை

பழைய செங்கலில் எந்தக் காரையில் கட்டியது என்பதுதான் முதல் கேள்வி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைப் பிரித்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும், சுத்தியால் லேசாகத் தட்டினாலே காரை உதிரும். சிமென்ட் காரை என்றால் செங்கல் உடையும், காரை விடாது. ஒரு செங்கலைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு அதற்கு ஆகும் நேரத்தை மொத்த எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

தரம் பார்க்க, இரண்டு செங்கலை ஒன்றோடொன்று தட்டுங்கள், கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. உலர்ந்த செங்கலை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அது தண்ணீரை அதிகம் குடிக்கிற கல். மூன்று கிலோ செங்கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. காய்ந்த பிறகு மேலே வெள்ளையாக உப்புப் பூத்தால் வெளிச்சுவருக்கு வேண்டாம். இந்தச் சோதனைக்குக் குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் அடியிலிருந்தும் எடுங்கள்.

இரும்பில் மேல் துரு பிரச்சினையில்லை, கம்பித் தூரிகையால் தேய்த்து முதல் பூச்சு அடித்தால் போயிற்று. தேய்த்த இடத்தில் குழி குழியாக இருந்தாலோ, செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தாலோ தடிமன் போய்விட்டது. வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து நல்ல இடத்திலும் துருப்பிடித்த இடத்திலும் அளந்து பாருங்கள். கூரைத் தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியும். பழைய ஆணித் துளை வரிசை உங்கள் கைமர இடைவெளியோடு ஒத்துப்போகாது என்பதால், அந்தத் தகட்டைக் கூரைக்குப் போடுவதைவிட வெளிச்சுவர்ப் போர்வையாகப் போடுவது நல்லது.

டைல்ஸ் என்றால் பிரிக்காத பெட்டியை வாங்குங்கள், பெயர்த்தெடுத்ததை வேண்டாம். பெட்டி மேல் தொகுதி எண்ணும் நிறக்குறியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், ஒரே பெயருள்ள டைல்ஸ்கூட வேறு தொகுதி என்றால் நிறம் மாறும். வாஷ்பேசினை விரல் முட்டியால் தட்டினால் தெளிவாக ஒலிக்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. கழிப்பறைக் கோப்பையில், கழிவு வெளியேறும் வழி தரையிலா சுவரிலா என்று பார்த்து, சுவரிலிருந்து அதன் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

பிளைவுட்டின் ஓரங்களைப் பாருங்கள், அடுக்கு விரிந்திருந்தால் வேண்டாம். துகள் பலகை ஒருமுறை தண்ணீர் பட்டு உப்பியிருந்தால் பழையபடி ஆகவே ஆகாது. சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளில், அதாவது பேலட்டில், ஐ.எஸ்.பி.எம். 15 (மரத்தட்டுகளுக்கான சர்வதேச விதி) முத்திரை பாருங்கள். எச்.டி. (HT) என்றால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, அதை எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம். முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ அடித்தால் விட்டுவிடுங்கள்.

சரக்குப் பெட்டகத்தையே வீடாக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபதடிப் பெட்டகத்தின் உள் அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர்தான், வெப்பத்தடுப்பு வைத்ததும் இன்னும் குறையும். பாரம் நான்கு மூலைத் தூண்களில் இறங்குகிறது, நெளிவுத் தகடுகள் பெட்டகத்தை விறைப்பாக வைத்திருக்கின்றன. பெரிய திறப்பு வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சட்டம் பற்றவைத்தாக வேண்டும். தரைப் பலகையில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள், அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது.

படி 8: இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாதவை

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பழைய சிமென்ட் கூரைத் தகடு, பழைய குழாய் உறை, சில பழைய வினைல் தரை ஓடுகள் எல்லாவற்றிலும் இருக்கலாம். ஆஸ்திரேலியா 2003 இறுதியில் முழுதாகத் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2005இல். தடை வராத நாடுகளிலும் நோய் அதேதான்: உடைக்கும்போதும் வெட்டும்போதும் கிளம்பும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும். சந்தேகம் வந்தால் தொடாதீர்கள், இடிக்கும் இடத்தில் அது உடைந்து கிடந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தது, பல நாடுகளில் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் கட்டுப்பாடு வந்தது. அதனால் பழைய கதவையும் ஜன்னலையும் உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தீ காட்டி உரிக்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், அல்லது ரசாயன நீக்கி பூசிச் சுரண்டுங்கள். முகக்கவசம் கட்டாயம், சுரண்டியதைத் துணியில் சேகரித்து மூட்டை கட்டுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும், வீட்டுக்குள் எந்த வேலைக்கும் ஆகாது. லேசான பச்சை நிறத்தில் இருக்கும் பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், அதை உள்ளே போடவும் வேண்டாம், விறகாக எரிக்கவும் வேண்டாம்.

படி 9: விலையைக் கணக்கிடுவது

கேட்கும் விலை உண்மையான விலை அல்ல. ஒரு கணக்கு: புதுப் பலகையின் விலை 100 என்று வையுங்கள். பழையதை 40க்குத் தருகிறார். கொண்டுவர 15. ஆணி பிடுங்கி, இழைத்துச் சுத்தம் செய்ய 20. ஆகமொத்தம் 75. ஐந்தில் ஒரு பங்கு கழிவாகப் போகிறது, மிஞ்சுவது 80 சதவீதம். 75ஐ 0.8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 94. அதாவது 60 மிச்சம் என்று நினைத்தது 6 மிச்சம்தான். ஆணி பிடுங்கும் வேலையை நீங்களே செய்தால் 69க்கு வரும், வேறு சாமானோடு ஒரே வண்டியில் வந்தால் இன்னும் குறையும். சாமானைப் பார்த்தவுடன் இந்தக் கணக்கைக் குறிப்பேட்டில் போட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

பேரத்தில் குறையைச் சுட்டிக் குறைப்பதைவிட, 'இந்தக் குவியல் மொத்தத்தையும் நாளைக்குள் எடுத்துவிடுகிறேன், வண்டியும் ஆளும் என்னுடையது' என்று சொல்வது நன்றாக வேலை செய்யும். விற்பவருக்கும் இடம் காலியாகும். வாங்கியதற்கு ஒரு ரசீது கேளுங்கள், தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தாலும் சரி. எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுக்கும் சாமான், குறிப்பாகச் செம்பும் கோயில் வேலைப்பாடு மாதிரியான மரமும், திருட்டுச் சரக்காக இருக்கலாம்.

நீங்களே கழற்றுவதாக ஒப்புக்கொண்டால், முதலில் அந்தக் கட்டடத்தின் மின்சாரம், தண்ணீர், கேஸ் மூன்றையும் உரியவர்கள் துண்டித்துவிட்டார்களா என்று உறுதி செய்யுங்கள். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே என்று போங்கள். மேலே பாரம் நிற்கிற நிலையையும் உத்திரத்தையும் தொழில் தெரிந்த ஆள் முட்டுக் கொடுக்காமல் அசைக்கவே கூடாது.

படி 10: அடுக்கி வைப்பது, வரைவது, பொருத்துவது

வந்த சாமானைத் தரையில் போடாதீர்கள். செங்கல்லோ கட்டையோ அடுக்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரத்தை வையுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் நேர்கோட்டில் வையுங்கள். மேலே மூடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் சுற்றிலும் இழுத்து மூடினால் உள்ளே வியர்த்து மரம் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியைப் படுக்க வைக்காமல் கொஞ்சம் சாய்த்து நிறுத்துங்கள், அடியில் ரப்பரோ மரச்சட்டமோ இருக்கட்டும். எல்லாவற்றிலும் சாக்பீஸால் எண் போட்டு, அதே எண்ணில் அளவும் படமும் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

ஜன்னல், கதவு, உத்திரம், சிங்க் நான்கும் கைக்கு வந்த பிறகுதான் வரைபடம். கட்டத்தாளில் 1:20 அளவில் சுவர்களை வரைந்து, ஒவ்வொரு ஜன்னலையும் அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். வேறு வேறு உயரத்தில் ஜன்னல்கள் வந்திருந்தால், எல்லாவற்றின் மேல் விளிம்பையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். அகலமும் நிறமும் மாறியிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத் தெரியும். சட்டத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு 10 மி.மீ. இடைவெளி விட்டுத் திறப்பை வரையுங்கள், ஆப்பு வைத்து நேராக்க அந்த இடம் வேண்டும்.

எல்லா ஜன்னலும் வந்து சேர்வதற்குள் சுவர் எழுப்பும் நாள் வந்துவிட்டால், மீதியைப் புதிதாக வாங்கிவிடுங்கள். கூரையில்லாமல் மழையில் நிற்கும் சட்டகம் கெடுவது, ஒரு ஜன்னலில் பிடித்த மிச்சத்தைவிடப் பெரிய இழப்பு. சுவரும் கூரையும் மூடிய பிறகு அவசரமே இல்லை. கைப்பிடி, விளக்கு, அலமாரி, கொக்கி, கண்ணாடி எல்லாவற்றையும் உள்ளே குடியிருந்துகொண்டே நிதானமாகத் தேடலாம்.

வேலை முடிந்ததும் மிஞ்சியதை மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு டைல்ஸிலும் நாலைந்து, ஒரு கண்ணாடி, சில பலகை: இவை பின்னால் பழுது பார்க்க, பரணில் இருக்கட்டும். நல்ல நிலையில் உள்ள மீதியை அளவு எழுதிப் படம் எடுத்து, நீங்கள் வாங்கிய அதே வழிகளில் விற்றுவிடுங்கள். யாருக்கும் ஆகாத துண்டுகளை, பெயிண்ட் அடித்தவற்றைத் தனியாக ஒதுக்கி, உங்கள் பகுதிக் கட்டடக் கழிவு சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள்.